ஒன்றுமே வாங்காத ஆய்வகம்

இயக்குநருக்கு ஆய்வகத்தில் வைத்திருந்த பெயர் பேரண்டம். உடம்பைப் பார்த்து வைத்த பெயரல்ல. எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் பேரண்டம் வெடித்துப் பிறந்த கணத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். மின்விசிறி ரிப்பேர் பற்றிய கூட்டமாக இருந்தாலும் முதலில் பேரண்டம் பிறக்கும், விண்மீன்கள் திரளும், பூமி குளிரும். மின்விசிறிக்கு வந்து சேர்வதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் குளிர்ந்துபோயிருப்பார்கள். அதற்குமேல் விசிறி எதற்கு என்று எழுந்து போய்விடுவார்கள்.

அந்த இயற்பியல் நிறுவனத்தின் வாசலில் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார். சுவரில் காரை உதிர்ந்துகொண்டிருந்தாலும் பலகையில் பொன்னெழுத்து. 'வளரும் நாடுகளின் அறிவியல் குறித்த உலகளாவிய ஆய்வின் ஒப்பீட்டு நிலையம்.' படிப்பவர்கள் மலைத்துப் போவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். ஏழை நாட்டு இயற்பியல் ஆய்வகங்களுக்குப் பணம் கொடுத்தால் ஆராய்ச்சி பெருகுமா என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியருக்குச் சந்தேகம் வந்தது. பெருகும் என்று எந்த ஆய்வகத்தின் காவல்காரரும் சொல்லியிருப்பார். ஆனால் பொருளாதாரத்தில் ஆதாரம் வேண்டும். ஆகவே மருந்தைச் சோதித்துப் பார்ப்பதுபோலச் சோதிக்கத் தீர்மானித்தார். நாட்டிலுள்ள ஆய்வகங்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினார். பாதி ஆய்வகங்களுக்குப் பணமும் கருவியும். மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. கிடையாது என்றால் சுத்தமாகக் கிடையாது. ஆய்வு முடியும்வரை வேறு யாரிடமிருந்தும் ஒரு கருவிகூட வாங்கக் கூடாது, வாங்கினால் ஒப்பீடு கெட்டுவிடும். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்து வேறு போட வேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் இவர்கள் ஒன்றும் கிடையாத பக்கத்தில் விழுந்தார்கள். "தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதற்கு அடுத்த வாக்கியத்தைக் கேட்பதற்குள் பேரண்டம் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

"சாப்பிடக் கூப்பிட்டு உக்கார வெச்சிட்டு, தட்டு வைக்காம, பக்கத்துல சாப்பிடுறவனை வேடிக்கை பாருன்னு சொல்றாங்க. நம்மாளு அதுக்கும் போர்டு மாட்டுறாரு" என்றார் காந்தக்காரர். காந்தங்களோடு பாதி ஆயுளைக் கழித்த மூத்த விஞ்ஞானி அவர். நிரந்தர வேலை என்பதால் வாய் கொஞ்சம் நீளம்.

அவரோடு வேலை பார்த்த சின்னவளுக்கு அந்த வசதி இல்லை. அவளுடையது தற்காலிக வேலை. வருஷா வருஷம் பேரண்டம் மனசு வைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. வீட்டில் இரண்டு பெண்கள், பெரியவளும் சின்னவளும். இரண்டும் இயற்பியல். "ஒண்ணாவது உருப்படியா வேற ஏதாவது படிச்சிருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பெரியவள் வேலை பார்த்த ஆய்வகம், பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும் தூரத்தில் இருந்தது. கிண்ணத்தில் அந்தச் சீட்டு, பணம் கிடைக்கும் பக்கத்தில் விழுந்திருந்தது.

சின்னவளின் வேலை மெல்லிய உலோகப் படலங்கள் செய்வது. வீணாகப் போகும் வெப்பத்தை மின்சாரமாக்குகிற படலம். கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசு. அதைக் காற்றே இல்லாத ஒரு கலத்துக்குள்தான் படிய வைக்க முடியும். கொஞ்சம் காற்று புகுந்தாலும் படலம் கறுத்துப்போகும். காற்றை உறிஞ்சி எடுக்க ஒரு வெற்றிடப் பம்பு வேண்டும். அவளிடம் இருந்த பம்பு, அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. பலகை மாட்டிய சில மாதத்தில், பெரிதாக ஒருமுறை இருமிவிட்டு அது நின்றுபோனது.

அன்றைக்கு மாலை அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பம்பு செத்துப்போச்சு."

"அழுறியா?"

"இல்லையே."

"மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குதே."

"பம்பு ஆயில் வாடை ஒத்துக்கலை."

"புளுகாதடி. எங்க லேப்ல பழைய பம்பு ஒண்ணு இருக்கு. புதுசு வரப்போகுதுன்னு பழசையெல்லாம் கழிச்சுக்கட்டச் சொல்லிட்டாங்க. தட்டுமுட்டுச் சாமான் அறையில கிடக்கு. நான் தூக்கிட்டு வந்தா எலிகூட ஏன்னு கேக்காது."

"எங்களுக்கு யாரும் எதுவும் தரக் கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கு."

"யாரு போட்டா?"

"பேரண்டம்."

"அப்போ பேரண்டம் வாங்க வேணாம், நீ வாங்கிக்கோ. அக்கா தங்கச்சிக்குக் கொடுக்கிறதுக்கு எந்தப் பொருளாதாரக்காரர்கிட்ட அனுமதி கேக்கணும்? நீ காலேஜுக்குப் போட்டுட்டுப் போன செருப்பு யாருது?"

"உன்னுது."

"குடை? ஸ்வெட்டர்? கால்குலேட்டர்?"

"எல்லாம் உன்னுதுதான்."

"அப்போ நம்ம ஒப்பீடு என்னைக்கோ கெட்டுப்போச்சு. ஞாயித்துக்கிழமை வரேன். கார் டிக்கியிலேருந்து இறக்க உங்க காந்தக்காரரை வரச் சொல்லு. அவருக்குத்தான் கை கொஞ்சம் பலமா இருக்கும்."

வந்த பம்பை ஆய்வகத்தில் வைக்க முடியாது. கணக்கெடுக்க வருகிறவர்கள் பார்த்துவிடுவார்கள். ஆகவே பக்கத்தில் பூட்டிக் கிடந்த அறையில் வைத்து, சுவரில் துளை போட்டு, குழாயை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். எல்லாம் சரி, சத்தம்தான் அடங்கவில்லை. கணக்கெடுக்க ஒருத்தி வந்தபோது, "அது என்ன சத்தம்?" என்று கேட்டாள். காந்தக்காரர் கண்ணைச் சிமிட்டாமல், "தண்ணி மோட்டார்மா. இங்க தண்ணிக்குக் குறையே இல்லை" என்றார். அவளும் அதைப் பொறுப்பாகக் குறித்துக்கொண்டு போனாள்.

படலம் கறுக்கவில்லை. கறுக்காதது மட்டுமல்ல, அதன் திறன் யாரும் எதிர்பார்க்காத உயரத்தில் நின்றது. பெரிய சஞ்சிகை ஒன்று அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கருவி தந்தவர்களுக்குக் கட்டுரையின் அடியில் நன்றி சொல்வது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். 'அக்காவுக்கு நன்றி' என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். யாருக்கும் நன்றி சொல்லாமல் அவள் எழுதிய முதல் கட்டுரை அது. அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் எழுந்து வந்ததுபோல மனசு உறுத்தியது.

அக்கா பக்கம் கதையே வேறு. "மெஷின் வந்தாச்சுடி. பெட்டி வாசல்ல நுழையலை. சுவரை இடிச்சோம். உள்ளே வந்துச்சு. கரண்டு பத்தலைன்னாங்க. புதுசா லைன் இழுக்கணும், அதுக்கு அடுத்த தவணை வரணும். இதுக்கு நடுவுல பணத்தால பலன் என்னன்னு மாசா மாசம் அறிக்கை எழுதச் சொல்றாங்க. பெட்டியைப் பத்தி மட்டும் இதுவரைக்கும் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியலை. ஆராய்ச்சி பண்ண எங்கே நேரம்? அடுத்த தவணை மட்டும் வந்துட்டா நிமிர்ந்துடுவோம்."

இந்த நிலைமையில்தான் பொருளாதாரப் பேராசிரியர் இடைக்கால முடிவை அறிவிக்க வருகிறார் என்றும், பேரண்டத்தின் நிறுவனத்தில்தான் கூட்டம் என்றும் செய்தி வந்தது. ஒன்றும் வாங்காத மற்ற ஆய்வகங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நிதித்துறை அதிகாரி வருவார். மதியச் சாப்பாடு உண்டு. பேரண்டம் பலகைக்கு மறுபடி பொன் பூசினார். சின்னவளின் அடுத்த வருஷக் காகிதத்தை மேஜை ஓரத்தில் தள்ளி வைத்து, "கூட்டம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

கூட்டத்தன்று காலையில் அவளுக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பம்பு பக்கத்து அறையில் அணைந்து கிடந்தது. யாராவது அந்தக் கதவைத் திறந்தால் வேலை போச்சு, அக்காவுக்கும் கெட்ட பெயர். கூடத்தின் கடைசி வரிசையில், காந்தக்காரரின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பேரண்டம் வரவேற்புரை ஆற்றினார். சூரியன் உருவாவதற்குள் நிதித்துறை அதிகாரி தன் தட்டு பிஸ்கட்டைக் காலி செய்துவிட்டார். பூமியில் உயிர் தோன்றும்போது பக்கத்துத் தட்டுக்குக் கை நீண்டது.

பிறகு பேராசிரியர் எழுந்தார். ஒல்லியான, சாதுவான மனுஷர். கண்ணுக்குக் கீழே கருவளையம். திரையில் இரண்டு கோடுகள் விழுந்தன.

"சிவப்புக் கோடு பணம் வாங்கின ஆய்வகங்கள். பாருங்க, கீழே இறங்குது. நீலம் ஒண்ணுமே வாங்காதவங்க. இது மேலே ஏறுது. நாங்க யாருமே எதிர்பார்க்கலை." குரலில் பெருமையைவிடத் தவிப்புதான் அதிகமாக இருந்தது. "நீலக் கோட்டோட உச்சியில இருக்கிற புள்ளி, இந்த நிறுவனத்துலேருந்து வந்த ஒரு கட்டுரை."

கூடம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. காந்தக்காரரின் முதுகு போதவில்லை.

"இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. ஆராய்ச்சி நல்லா நடக்கிற இடத்துல வேற என்ன வசதி இருக்குன்னு தேடினோம். இங்க தண்ணி வசதி பிரமாதம்னு பதிவாகியிருக்கு. தண்ணிக்கும் இயற்பியலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாமோன்னு நினைக்கிறோம்."

காந்தக்காரருக்குப் புரை ஏறியது. யாரோ தலையில் தட்டினார்கள்.

அதிகாரி பிஸ்கட் தூளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அதாவது, பணம் கொடுத்தா கெடுதல்."

"அப்படி அவசரப்பட்டு..."

"கொடுக்கலேன்னா நல்லது."

"இது இடைக்கால முடிவுதான், இன்னும்..."

"எனக்கு இடைக்காலமே தாராளம். சிவப்புக் கோட்டுக்காரங்களுக்கு அடுத்த தவணையை நிறுத்திடலாம். மத்த ஆய்வகங்களுக்குக் கொடுக்கிறதையும் மெதுவா யோசிக்கலாம். அறிவியல் வளரணும்னு நாங்களும் ஆசைப்படுறோம் இல்லையா?" அவர் முகம் மலர்ந்திருந்தது. துறைக்கு அன்றைக்கு இப்படியொரு நல்ல காலம் பிறக்கும் என்று அவர் நினைத்து வந்திருக்கவில்லை.

பேரண்டம் நெஞ்சை நிமிர்த்தினார். "நான் எப்பவும் சொல்றதுதான். பேரண்டமே வெற்றிடத்துலேருந்துதான் பிறந்தது. ஒண்ணுமில்லாததுலேருந்து எல்லாம் வரும். வறுமைதான் சார் எங்க கருவி!"

சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

சின்னவளுக்கு இடித்த சுவரும், மின்சாரத்துக்குக் காத்திருக்கும் பெட்டியும், அதன்முன் உட்கார்ந்து அறிக்கை எழுதும் அக்காவும் கண்ணில் வந்து நின்றார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் வேலை தப்பும். ஆனால் அக்காவின் ஆய்வகம் அதோடு ஒழிந்தது, அது மட்டுமா, நாளைக்கு ஒரு திருகாணி கேட்டால்கூட 'உங்களுக்கு எதுக்கு, நீங்கதான் ஒண்ணுமில்லாம நல்லா பண்றீங்களே' என்பார்கள். அக்கா கொடுத்த பம்பே அக்கா தலையில் விழுகிறது.

எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"சார், எங்க வெற்றிடம் அப்படித் தானா வரலை. பம்பு வெச்சுத்தான் வந்துச்சு."

"எந்தப் பம்பு?" என்றார் பேராசிரியர்.

"தண்ணி மோட்டார்னு குறிச்சிருக்கீங்களே, அதுதான் சார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். செத்த பம்பு, பணம் வாங்கின ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய பம்பு, ஞாயிற்றுக்கிழமைக் கார், சுவரில் துளை. அந்த ஆய்வகத்தார் பெட்டியோடு மல்லுக்கட்டி அறிக்கை எழுதிக்கொண்டிருப்பதையும் சேர்த்தே சொன்னாள்.

பேராசிரியர் திரையில் அந்த உச்சிப் புள்ளியைத் தொட்டார். "அப்போ இது..."

"பாதிக்கு மேல என் அக்காவோடது சார்."

பேரண்டம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். "இதைத் தெளிவாச் சொல்லிடுறேன். இவங்க தற்காலிகப் பணியாளர்! நிரந்தரமா இருக்கிறவங்க யாரும் இந்த மாதிரிக் காரியம் செய்ய மாட்டாங்க!"

சரி, வேலை போச்சு என்று சின்னவள் நினைத்தாள். அப்போது முன்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்திருந்த லேசர்க்காரர் எழுந்து நின்றார்.

"அந்தம்மா சொல்லிட்டாங்க, இனிமே நான் எதுக்கு மூடி மறைக்கணும்? எங்க லேசரும் எங்களது இல்லை சார். பணம் வாங்கின பக்கத்து ஊர்க்காரங்களது. பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. ஸ்கூட்டர்ல வெச்சு எடுத்துட்டு வருவேன்."

"எங்க குளிரூட்டி என் கொழுந்தனார் லேப்லேருந்து வந்தது" என்றார் இன்னொரு அம்மாள், உட்கார்ந்தபடியே. "திருப்பித் தரணும்னுதான் நினைச்சிட்டே இருக்கேன்."

"எங்களுக்கு மச்சான் மூலமா ரெண்டு லென்சு."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். மாமனார் கொடுத்த மின்கலம், பழைய மாணவி விட்டுவிட்டுப் போன அளவுமானி, கேட்காமல் எடுத்து வந்த கம்பிச் சுருள். கடைசியில் காந்தக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நீங்களுமா?" என்று பேரண்டம் அலறினார்.

"நான் நிரந்தரப் பணியாளர் சார். அதையும் குறிச்சுக்கச் சொல்லுங்க."

கூடம் சிரித்தது. பேராசிரியர் மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஒரு ஆய்வகம்கூடச் சுத்தமா இல்லையா? யாராவது ஒருத்தர், உண்மையிலேயே ஒண்ணுமே வாங்காம இருந்தவங்க?"

கதவோரத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "நாங்க இருந்தோம் சார். தம்பிடி உதவி யார்கிட்டயும் வாங்கலை. சொன்ன சொல் தவறலை."

பேராசிரியரின் முகத்தில் உயிர் வந்தது. "அப்படியா! அங்கே ஆராய்ச்சி எப்படி நடக்குது?"

"எங்கே நடக்குது? லேபை மூடிட்டோமே சார். பூட்டைத் திறந்து காட்டக்கூட ஆள் இல்லை. சாப்பாடு உண்டுன்னு அழைப்புல போட்டிருந்துச்சு, அதான் வந்தேன்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, ஆச்சரியம், அவர் தோள் இறங்கியது. இறுக்கமான சட்டையைக் கழற்றிப் போட்டவர்போல ஒரு பெருமூச்சு வந்தது.

"அப்பாடா" என்றார் வாய்விட்டே. "எங்கேயோ தப்பு இருக்குன்னு தெரியும். எங்கேன்னுதான் தெரியலை. கொடுக்காம இருந்தா நல்லா வளருவாங்கன்னு ஊர் ஊராப் போய் எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தூக்கமே இல்லை. நல்லவேளை, இன்னும் அச்சுக்குக் கொடுக்கலை." அதிகாரியிடம் திரும்பினார். "என்கிட்ட உருப்படியா இருக்கிறது ஒரே ஒரு புள்ளிதான். ஒண்ணுமே கொடுக்கலை, மூடிட்டாங்க. தவணையை நிறுத்த என்கிட்ட ஆதாரம் இல்லை."

அதிகாரியின் முகம் சாயம் போன துணியாயிற்று. "அப்போ அடுத்த தவணை?"

"போகணும். சொன்னபடி போகணும். அறிக்கையைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம். மத்தபடி..." அவர் கூடத்தைப் பார்த்தார். "உங்க எல்லாரையும் ஆய்விலேருந்து நீக்க வேண்டியிருக்கும். மன்னிச்சுக்கோங்க."

"நீக்கிட்டா?" என்றாள் சின்னவள். அவள் இன்னும் உட்காரவில்லை. "நாங்க கருவி வாங்கலாமா சார்?"

"தாராளமா வாங்கலாம்."

"அரசாங்கத்துக்கிட்டயே கேக்கலாமா?"

"யார்கிட்ட வேணும்னாலும் கேக்கலாம். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பேரண்டத்தின் வாய் திறந்தபடி இருந்தது. சின்னவளுக்கு 'நீக்கம்' என்று சொல்லத் திறந்த வாய். ஆனால் அதிலிருந்து வெளியே வந்தது வேறு. பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்த நிதித்துறை அதிகாரியின் வழியில் போய் நின்று, "ஐயா, ஒரு நிமிஷம். ஆதியில பேரண்டம் பிறந்தப்போ..." என்று ஆரம்பித்தார்.

"விண்ணப்பமா அனுப்புங்க, விண்ணப்பமா அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கவாட்டில் நகர்ந்து ஓடினார்.

விண்ணப்பம் என்றால் பெரிய கட்டுரை எழுதியவர் பெயர் முதலில் வேண்டும். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'தற்காலிகம்' என்று இருந்தால் பார்க்க லட்சணமாக இருக்காது. இதெல்லாம் பேரண்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரை மணிக்குள் சின்னவளைக் கூப்பிட்டு, மேஜை ஓரத்துக் காகிதத்தை நடுவில் இழுத்து, ஒரு வருஷம் என்பதை அடித்து மூன்று என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

"பம்பு விஷயம் எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்மா" என்றார் பேனாவை மூடியபடி. "சொல்லாம இருந்தது ஒரு பெருந்தன்மை."

"தெரியும் சார்" என்றாள் அவள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.

தாழ்வாரத்துக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாத்தையும் போட்டு உடைச்சிட்டேன்க்கா."

"என்னையும் சேர்த்தா?"

"அக்கான்னுதான் சொன்னேன்."

"ஆமா, உனக்கு ஊரெல்லாம் அக்கா, கண்டுபிடிக்கவே முடியாது பாரு. வேலை போச்சா?"

"மூணு வருஷத்துக்குப் போட்டாச்சு. உங்க தவணையும் வருது. அறிக்கையையும் குறைக்கிறாங்களாம்."

அக்கா சிரித்தாள், தொலைபேசியைத் தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு. "கழுதை! முதல்லயே இதைச் சொல்றதுக்கென்ன? அம்மாகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ முந்திக்காதே." வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் கரைந்திருந்தது. லேபை மூடிவிட்டு வந்த பெரியவர் மட்டும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தினார்.

"உக்காரும்மா. நிறைய மிச்சம் இருக்கு. உங்களுக்குப் புதுப் பம்பு வந்ததும் அந்தப் பழசு சும்மாதானே கிடக்கும்?"

"கிடக்கும் சார்."

"எங்க லேப் பூட்டு துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டா திறந்துடும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் கேட்காமல் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"வண்டி மட்டும் ஏற்பாடு பண்ணிக்கோங்க. எங்க காந்தக்காரர் தூக்கி ஏத்திடுவார்."

அவர் தலையாட்டினார். அவள் தட்டை எடுத்து நிறையப் போட்டுக்கொண்டாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அது ஒரு குறையாகவே தெரியவில்லை. முடித்துவிட்டு, எழுந்து போய், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.